நிலநடுக்கக் கட்டடங்கள்: கவுன்சில் கருத்துக் கேட்கிறது, வாடகைக்காரி நான் எழுதலாமா?

தையல்மிஷின் | 2019 ஜூன் 17

வணக்கம். நியூசிலாந்தின் வட தீவில் ஒரு சிறிய ஊரின் பிரதான வீதியில் துணி திருத்தித் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். கட்டடம் என்னுடையதல்ல, வாடகைக்குத்தான் இருக்கிறேன். பழைய இரண்டு மாடிச் செங்கல் கட்டடம். உச்சியில் பூ வேலைப்பாட்டுடன் கைப்பிடிச்சுவர், வெளியூர்க்காரர்கள் நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

போன வாரம் கவுன்சிலிலிருந்து ஒரு தடித்த உறை வந்தது. நிலநடுக்க அபாயக் கட்டடங்கள் விஷயமாக, எந்தெந்த வீதிகளை முன்னுரிமை வீதிகளாகக் குறிக்கலாம் என்று பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறார்களாம். எழுத ஒரு மாதம், அதன்பிறகு விரும்புகிறவர்கள் நேரில் வந்தும் பேசலாமாம். கூடவே ஒரு வரைபடம். அதில் எங்கள் வீதியின் கீழ்ப்பாதிக்கு மஞ்சள் அடித்திருக்கிறார்கள். என் கடை இருக்கும் மேல்பாதி வெள்ளையாகவே இருக்கிறது.

எனக்கு இரண்டு சந்தேகம். வெள்ளையாக இருந்தால் எங்கள் பக்கம் பாதுகாப்பு என்று அர்த்தமா? அப்புறம், இது கட்டடச் சொந்தக்காரர்களின் விஷயம் இல்லையா, நான் எழுதினால் யார் படிக்கப் போகிறார்கள்?

சும்மா_வந்தேன் | 2019 ஜூன் 17

அக்கா, பேசாமல் விட்டுவிடுங்கள். மஞ்சள் அடித்துவிட்டுக் கருத்துக் கேட்பது, தாலி கட்டிவிட்டுச் சம்மதமா என்று கேட்கிற மாதிரி. அக்டோபரில் உள்ளூராட்சித் தேர்தல் வேறு வருகிறது. மக்களைக் கேட்டோம் என்று காட்ட அவர்களுக்கு ஒரு கோப்பு வேண்டும், அவ்வளவுதான்.

செங்கல்சூளை | 2019 ஜூன் 18

கட்டட எஞ்சினியர் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் சந்தேகத்துக்குப் பதில்: இல்லை அக்கா. வெள்ளை என்றால் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை. அந்த வரைபடத்தில் கட்டடங்களின் பலமே இல்லை. எந்தக் கட்டடம் பலவீனம் என்பதைக் கண்டுபிடிக்கத் தனி வழி இருக்கிறது: கவுன்சில் சந்தேகப்படும் கட்டடத்தின் சொந்தக்காரருக்குக் கடிதம் போகும், அவர் 12 மாதத்துக்குள் எஞ்சினியரின் மதிப்பீட்டைக் கொடுக்க வேண்டும். புதிதாகக் கட்டும் கட்டடத்துக்குக் கேட்கும் பலத்தில் 34 சதவீதம்கூட இல்லை, இடிந்தால் ஆளுக்கு ஆபத்து என்று தெரிந்தால் நோட்டீஸ் ஒட்டப்படும். இதெல்லாம் கணக்கு, இதில் பொதுமக்களைக் கேட்க ஒன்றும் இல்லை.

உங்களைக் கேட்பது வேறு கேள்வி. செங்கல் எங்கே விழும், அப்போது அங்கே யார் நிற்பார்கள்?

கம்பி போடாத பழைய செங்கல் கட்டடத்தில் சுவருக்கும் தளத்துக்கும் கூரைக்கும் நடுவே பிடிமானம் மிகக் குறைவு. சுண்ணாம்புக் காரை காலப்போக்கில் பொடிந்து, விரலால் சுரண்டினால் உதிரும். கைப்பிடிச்சுவர் கூரைக்கு மேலே தனியாக நீட்டிக்கொண்டிருக்கிறது, ஆட்டமும் உச்சியில்தான் அதிகம். உள்பக்கம் சாய்ந்தால் கூரை கொஞ்சமாவது தாங்கும், வெளிப்பக்கம் தாங்க ஒன்றுமில்லை. ஆகவே அது நடைபாதையில்தான் விழும். நடுக்கம் வந்தவுடன் வெளியே ஓடுகிறவர் போய் நிற்கும் இடமும் அதுதான்.

2010 செப்டம்பர் 4 அன்று கேன்டர்பரியில் 7.1 ரிக்டர். கிறைஸ்ட்சர்ச் வீதிகளில் செங்கல் மலைபோல் குவிந்தது, ஒருவரும் அதில் சாகவில்லை. காரணம், மணி அதிகாலை 4:35. 2011 பிப்ரவரி 22 அன்று வந்தது 6.2தான், ஆனால் ஊருக்கு அடியிலேயே, அதுவும் மதியம் 12:51க்கு, சாப்பாட்டு நேரத்தில். 185 பேர் போனார்கள். அதில் பழைய செங்கல் கட்டடங்களால் இறந்தவர்கள் ஏறத்தாழ 40 பேர், அவர்களில் பெரும்பாலோர் கட்டடத்துக்குள் இருந்தவர்களே அல்ல. வீதியில் நடந்தவர்கள், வண்டியில் போனவர்கள்.

2016இல் வந்து 2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம் இதைப் பிடித்துக்கொண்டுதான் எழுதப்பட்டது. அதிக அபாய வட்டாரத்தில் சாதாரணக் கட்டடத்தைச் சரிசெய்ய 15 ஆண்டு, நடுத்தர வட்டாரத்தில் 25, ஆக்லாந்து, டனீடன் போன்ற குறைந்த வட்டாரத்தில் 35. ஆள் நடமாட்டமுள்ள வீதியில் செங்கல் விழக்கூடிய கட்டடமென்றால், முதல் இரண்டு வட்டாரத்திலும் கெடு பாதியாகும். எது ஆள் நடமாட்டமுள்ள வீதி என்று கவுன்சில் தானாக முடிவெடுக்கக் கூடாது, ஊரைக் கேட்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. உங்கள் ஊர் நடுத்தர வட்டாரமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் அந்த மஞ்சள் கோட்டின் பொருள், 25 வருடமா, பன்னிரண்டரை வருடமா என்பதுதான்.

எழுதலாமா என்று கேட்டால், அந்த நடைபாதையைத் தினமும் பத்து மணிநேரம் கண்ணாடி வழியாகப் பார்ப்பது யார்? சொந்தக்காரரா, நீங்களா?

மூன்றாம்மாடி | 2019 ஜூன் 18

செங்கல்சூளை எழுதியது சரி, ஆனால் பணம் எங்கிருந்து வரும் என்று ஒரு வரிகூட இல்லை. எஞ்சினியர்கள் எல்லோருக்கும் இருக்கும் வியாதி இது.

நான் வெலிங்டனில் அபார்ட்மென்ட் வாங்கினவன். வாங்கும்போது ஒரு எஞ்சினியர் பலம் இத்தனை சதவீதம் என்று ஒரு எண் சொன்னார், பிறகு வந்தவர் அதே கட்டடத்துக்கு அதில் பாதி சொன்னார். நோட்டீஸ் ஒட்டினார்கள். வங்கி முகம் சுளித்தது, காப்பீடு எகிறியது, பலப்படுத்தும் செலவாக முதலில் சொன்ன தொகை மூன்று வருடத்தில் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது, வேலை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. நாங்கள் இருபத்துச் சொச்சம் குடும்பங்கள், கூட்டம் கூட்டமாகப் போட்டுச் சண்டை பிடிக்கிறோம்.

அக்கா, உங்கள் பக்கத்துக்கும் மஞ்சள் அடிக்கச் சொல்லி எழுதுமுன் யோசியுங்கள். சொந்தக்காரருக்குச் செலவு வந்தால் வாடகை ஏறும், இல்லையென்றால் பூட்டிவிட்டுப் போவார். இரண்டிலும் அடிபடுவது நீங்கள்தான்.

மல்லிகைத்தோட்டம் | 2019 ஜூன் 19

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டிலும் செங்கல் புகைக்கூண்டு இருக்கிறது. சாதாரண வீடுகளுக்கும் இது வருமா?

செங்கல்சூளை | 2019 ஜூன் 19

வராது. குடியிருப்பு என்றால் இரண்டு மாடியோ அதற்கு மேலோ இருந்து, மூன்று குடும்பங்களுக்குக் குறையாத தொகுப்பாகவும் இருந்தால்தான் இந்தச் சட்டத்துக்குள் வரும். விடுதிகள் தனிக்கதை. ஆனால் அந்தப் புகைக்கூண்டை யாரிடமாவது காட்டுங்கள், சட்டம் கேட்கவில்லை என்பதற்காக அது விழாமல் இருக்காது.

ஏவன்கரை | 2019 ஜூன் 20

நான் அதிகம் எழுதுகிறவன் இல்லை. 2011இல் கிறைஸ்ட்சர்ச்சில் மாணவன்.

அந்த ஊர் வீதிகளுக்கு ஆங்கிலிகன் மறைமாவட்டங்களின் பெயரை வைத்தார்கள். அதனால்தான் அங்கே ஒரு கொலம்போ ஸ்ட்ரீட்டும் ஒரு மெட்ராஸ் ஸ்ட்ரீட்டும் உண்டு. புதிதாக வந்த தமிழ்ப் பையன்கள் எல்லோரும் அந்தப் பலகைகளின் கீழ் நின்று படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புவோம், யாழ்ப்பாணத்துப் பையன் கொலம்போவில், சென்னைப் பையன் மெட்ராஸில். அந்தப் பிப்ரவரியில் 115 பேர் இறந்த சி.டி.வி. கட்டடம், உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையம் இருந்த கட்டடம், மெட்ராஸ் ஸ்ட்ரீட்டில் இருந்தது. சிவப்புப் பேருந்தின் மேல் செங்கல் முகப்பு சரிந்தது கொலம்போ ஸ்ட்ரீட்டில். பஸ்ஸில் இருந்தவர்களில் ஒரே ஒருவர் பிழைத்தார்.

அவர் பெயர் ஆன் பிரவர், பல்கலைக்கழக ஆசிரியை. சும்மா_வந்தேன் தம்பிக்காக இதைச் சொல்கிறேன். வீதியில் விழும் கைப்பிடிச்சுவரையும் முகப்பையும் முன்னுரிமையில் சேர்க்க வேண்டும் என்று அவர் விடாமல் வாதாடினார். சட்டத்தில் அந்தப் பகுதியை இன்றைக்கும் பிரவர் திருத்தம் என்றுதான் சொல்கிறார்கள். அக்கா கையில் வந்திருக்கும் வரைபடம் அதிலிருந்து முளைத்தது.

சும்மா_வந்தேன் | 2019 ஜூன் 20

அது எனக்குத் தெரியாது. சரி, அங்கே ஒருவர் சொன்னதைக் கேட்டார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு அவர் இடிபாட்டிலிருந்து வெளியே வர வேண்டியிருந்தது. சாதாரணமாக நம்மைப் போல ஒருத்தி எழுதினால்?

இன்னொன்று. 2016 நவம்பரில் கைக்கோராவில் 7.8 வந்தபின் வெலிங்டன், லோயர் ஹட், மார்ல்பரோ, ஹுருனுயி ஆகிய இடங்களில் நூற்றுச் சொச்சம் கட்டடங்களின் கைப்பிடிச்சுவரையும் முகப்பையும் விழாதபடி உடனே இழுத்துக் கட்டுங்கள் என்று அரசு ஆணையே போட்டது. ஒரு வருடக் கெடு, செலவில் பாதிவரை உதவி. அங்கே யாரிடமும் மஞ்சள் வரைபடம் காட்டி இந்த மாதிரிக் கருத்துக் கேட்டுக்கொண்டிருக்கவில்லையே. வேண்டுமென்றால் செய்ய முடிகிறது, வேண்டாமென்றால் கருத்துக் கேட்கிறார்கள்.

செங்கல்சூளை | 2019 ஜூன் 21

இது நல்ல அடி, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆணை வேலை செய்ததற்குக் காரணம் அவசரம் மட்டுமல்ல, கேட்டதும் சிறியது: கைப்பிடிச்சுவரைக் கூரையோடு இரும்பால் இழுத்துக் கட்டு, முகப்பைத் தளத்தோடு போல்ட் போட்டுப் பிடி. முழுக் கட்டடத்தின் பலத்தையும் 34 சதவீதத்துக்கோ 67 சதவீதத்துக்கோ தூக்குவதோடு ஒப்பிட்டால் செலவில் ஒரு பகுதிதான். பாதிப் பணமும் கைக்கு வந்தது. மூன்றாம்மாடி கேட்ட கேள்விக்கும் என் பதில் அதுதான், முதலில் தலையில் விழுவதைக் கட்டுவோம், மீதியைப் பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம்.

அக்காவுக்கு ஒரு யோசனை. நல்லது, கெட்டது, பயமாக இருக்கிறது என்று எழுதாதீர்கள், அப்படி எழுதினவை மூட்டையாக வரும். எத்தனை பேர், எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று எழுதுங்கள். அமைச்சகத்தின் வழிகாட்டியில் கடைகள், பஸ் நிறுத்தம், முக்கியமான நடைவழிகள் எல்லாம் கணக்கில் எடுக்கச் சொல்லியிருக்கிறது.

தையல்மிஷின் | 2019 ஜூன் 29

செங்கல்சூளைத் தம்பி சொன்னபடி எண்ணிப் பார்த்தேன். ஐந்து நாள், துணி அளக்கும் நோட்டிலேயே கோடு கோடாகப் போட்டேன்.

உண்மையைச் சொன்னால் எங்கள் பாதியில் நடமாட்டம் குறைவுதான். காலையில் ஈ ஓட்டலாம். கவுன்சில் எண்ணியவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பள்ளி விட்டதும் மூன்று மணிக்கு மேல் இரண்டு கிராமத்துப் பஸ்கள் என் கடை வாசலிலிருந்துதான் கிளம்புகின்றன. பிள்ளைகள் இருபது நிமிடம், சில நாள் அரை மணி, அந்தக் கைப்பிடிச்சுவருக்கு நேர் கீழே சுவரில் சாய்ந்துகொண்டு நிற்கிறார்கள். குறைந்த நாளில் 31, கூடின நாளில் 44. மழை பெய்தால் இன்னும் நெருங்கி நிற்பார்கள், மேலே தகரக்கூரை இருக்கிறதல்லவா. மழை நிற்கும், செங்கல் நிற்காது என்று இத்தனை வருடமாக எனக்கே தோன்றவில்லை. நாட்காட்டியைப் பார்த்தால், எண்ணிக்கை எடுத்ததாக அவர்கள் எழுதியிருக்கும் வாரம் பள்ளி விடுமுறை.

எழுதி அனுப்பிவிட்டேன், ஒன்றரைப் பக்கம். நேரில் பேச விருப்பமா என்ற கட்டத்தில் டிக் போட்டது மகள், நான் அல்ல.

சும்மா_வந்தேன் | 2019 ஜூன் 29

பள்ளி விடுமுறையில் எண்ணினார்களா! சரி அக்கா, நீங்கள் போங்கள். நான் வாயை மூடிக்கொள்கிறேன், தற்காலிகமாக.

தையல்மிஷின் | 2019 ஆகஸ்ட் 15

நேற்று போய்விட்டு வந்தேன். ஆளுக்கு ஐந்து நிமிடம். பேசப் பெயர் கொடுத்திருந்தவர்கள் ஒன்பது பேர், அதில் ஏழு பேர் கட்டடச் சொந்தக்காரர்கள். அப்போதுதான் புரிந்தது, அந்த நடைபாதையில் நிற்கிறவர்கள் யாரும் அந்த அறையில் இல்லை.

எனக்கு முன்னால் பேசினது யார் தெரியுமா, என் கட்டடத்துச் சொந்தக்காரரும் அவர் மனைவியும். இருவருக்கும் எழுபதுக்கு மேல் இருக்கும். அந்தக் கட்டடம்தான் அவர்கள் ஓய்வுகாலச் சேமிப்பு. பலப்படுத்தும் செலவு கட்டடம் விற்கும் விலையைத் தாண்டும், வங்கி தராது, வீதியைக் குறித்தால் நாங்கள் பூட்டத்தான் வேண்டும், அப்படி நாலு பேர் பூட்டினால் ஊரில் பிரதான வீதியே இருக்காது என்று அவர் சொன்னார். பொய் ஒன்றும் இல்லை. அந்தம்மா என் தையலை எப்போதும் மெச்சுவார். அவர்களுக்குப் பின்னால் எழுந்து அவர்கள் கட்டடத்தின் கீழ் எத்தனை பிள்ளைகள் நிற்கிறார்கள் என்று வாசிக்க எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. நோட்டைப் பார்த்து எண்களை மட்டும் படித்தேன்.

ஒரு கவுன்சிலர் கேட்டார்: சரி, குறிக்கிறோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், கட்டடத்தைச் சரிசெய்யப் பன்னிரண்டரை வருடம் ஆகலாம், நாளைக்கே நாங்கள் செய்யக்கூடியது ஏதாவது உண்டா? நான் யோசித்துக்கொண்டு போனதே இல்லை, வாயில் வந்துவிட்டது. பஸ் நிற்கும் இடத்தை மாற்றுங்கள், நாற்பது அடி தள்ளி ஒற்றை மாடி மரக் கட்டடம் இருக்கிறது, அதன் முன்னால் நிறுத்துங்கள் என்றேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மூன்றாம்மாடி | 2019 ஆகஸ்ட் 15

அந்த முதியவர்களை நினைத்தால் வயிறு கலங்குகிறது. எல்லாக் கூட்டத்திலும் அவர்களைப் பேராசைக்காரர்கள் மாதிரிப் பேசுவார்கள். நீங்கள் அப்படி எழுதாததற்கு நன்றி அக்கா.

தையல்மிஷின் | 2019 நவம்பர் 4

முடிவு வந்துவிட்டது. எங்கள் பாதியிலும் பள்ளி முனை வரைக்கும் மஞ்சள். பஸ் அதற்கு முன்னமே, செப்டம்பரிலேயே, மரக் கட்டடத்துக்கு முன்னால் போய்விட்டது. வாடகை இன்னும் ஏறவில்லை.

சும்மா_வந்தேன் | 2019 நவம்பர் 4

ஒரு பஸ் நிறுத்தத்தை மாற்ற நாடாளுமன்றச் சட்டம், ஒரு வரைபடம், ஒரு மாதக் கருத்துக்கேட்பு, ஒரு தையல் நோட்டு. ஆனாலும் வாழ்த்துகள் அக்கா, மனப்பூர்வமாக.

நிர்வாகி | 2025 அக்டோபர் 5

பழைய இழைதான், புதிய அறிவிப்பு வந்திருப்பதால் திறந்து வைக்கிறோம். பொருளைவிட்டு விலகாமல் எழுதுங்கள்.

மூன்றாம்மாடி | 2025 அக்டோபர் 5

செப்டம்பர் கடைசியில் அரசு சொன்னதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சதவீதக் கணக்கையே கைவிடப் போகிறார்களாம். ஆக்லாந்து, நார்த்லாந்து, சாத்தம் தீவுகள் வெளியே. நடுத்தர, அதிக அபாய வட்டாரங்களில் கம்பியில்லாத செங்கல் கட்டடங்களும், மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள கான்கிரீட் கட்டடங்களும் மட்டும் கவனிக்கப்படும். சிலவற்றுக்கு முகப்பைக் கட்டினால் போதும், வெகு சிலவற்றுக்கே முழுப் பலப்படுத்தல்.

எங்கள் கட்டடத்தில் நான் இல்லை, கிடைத்த விலைக்கு விற்றுவிட்டேன். வெலிங்டன் நகர மண்டபத்துக்கே 32.9 கோடி டாலர்வரை போகலாம் என்று 2023இல் சொன்னபோது என் மனைவி சொன்னாள், நகராட்சியாலேயே முடியவில்லை, நம்மால் முடியுமா என்று. இப்போது சொல்லும் விதி அன்றே இருந்திருந்தால் நான் விற்றிருக்க மாட்டேன். யாரிடம் போய்க் கேட்பது?

செங்கல்சூளை | 2025 அக்டோபர் 6

வருத்தமாக இருக்கிறது அண்ணா. என் தொழிலுக்கும் இதில் பங்கு உண்டு. 34 என்பதை மாணவன் பாஸ் மார்க் மாதிரி ஆக்கினோம். 33 என்றால் நாளைக்கே இடியும், 35 என்றால் நிம்மதி என்று மக்கள் எடுத்துக்கொண்டார்கள், நாங்களும் சரியாக மறுக்கவில்லை. சி.டி.வி. கட்டடம் எண்பதுகளில் கட்டின கான்கிரீட் கட்டடம், பழைய செங்கல் அல்ல என்பதையும் இந்த இழையில் நாம் யாரும் சொல்லவே இல்லை. கான்கிரீட்டைப் பட்டியலில் வைத்திருப்பது அதனால் எனக்குச் சரியாகவே படுகிறது.

ஒரு உறுத்தல் மட்டும். நிலநடுக்கம் ஆக்லாந்தில் அரிது, ஆனால் அங்கேதான் நடைபாதையில் ஆள் அதிகம். வட்டாரத்தை வைத்து மொத்தமாக விலக்கினால், யார் நிற்கிறார்கள் என்ற பழைய கேள்வி அங்கே கேட்கப்படாமலே போகும். மசோதா நாடாளுமன்றத் தேர்வுக்குழுவுக்கு வரும்போது நான் இதை எழுதப் போகிறேன், இந்த முறை நானும் எண்ணிக்கையோடு.

ஏவன்கரை | 2025 அக்டோபர் 6

எழுதும்போது எனக்கும் சொல்லுங்கள், சேர்ந்து போடலாம். அக்கா இன்னும் இங்கே வருகிறார்களா?

தையல்மிஷின் | 2025 அக்டோபர் 8

வருகிறேன், வாசிக்கிறேன், எழுதத்தான் நேரமில்லை.

அதே கடையில்தான் இருக்கிறேன். எஞ்சினியர் வந்து பார்த்து, 2021 நடுவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பன்னிரண்டரை வருடம் என்றால் 2033 முடிவுக்குள், அதன்மேல் போன வருடம் எல்லோருக்கும் நாலு வருடம் நீட்டித்தார்கள், ஆக 2037 முடிவுக்குள். கைப்பிடிச்சுவர் அப்படியே இருக்கிறது. பெரியவர் தவறிவிட்டார், இப்போது மகன் பார்த்துக்கொள்கிறார். புதிய விதியில் முகப்பை மட்டும் கட்டினால் போதும் என்றால் செய்துவிடுவேன், அதுவரை ஒரு டாலரும் போட மாட்டேன் என்கிறார். அவர் நிலையில் நானும் அதைத்தான் சொல்வேன் போல.

நோட்டீஸ் ஒட்டிய இடம் என்பதால் வாடகை குறைவு. நான் இங்கேயே இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம், அதை இத்தனை நாள் இங்கே சொல்லவில்லை. தையல் மேசையைப் பின்சுவர்ப் பக்கம் தள்ளிப் போட்டிருக்கிறேன், நடுங்கினால் வாசலுக்கு ஓடக் கூடாது என்று பகுதிநேரமாக வரும் பெண்ணிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் அன்று வாசலில் பஸ்ஸுக்கு நின்றவர்களில் ஒருத்தி, என் நோட்டில் ஒரு கோடு.

கண்ணாடியில் ஒட்டிய நோட்டீஸ் வெயிலில் வெளுத்து எழுத்தே தெரியாமல் போய்விட்டது. போன வாரம் மகனிடம் சொன்னேன், கவுன்சிலில் புதிது கேட்டு வாங்கி ஒட்டச் சொல்லி.